லிஃப்டில் அடங்காத பாவாடை

"கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்கன்னா..."

"எந்தப் பக்கம்? எனக்கு ரெண்டு பக்கமும் நானேதான் இருக்கேன்!"

"அதைத்தான் சொல்றேன்! ஒரு மனுஷிக்கு இவ்வளவு எடம்..."

"மூணு பேருக்குன்னு எழுதியிருக்கு. நாம ரெண்டு பேர்தான்."

"ரெண்டா? உங்க இடுப்பையும் சேர்த்தா நாலு பேர்!"

"நான் தனியாத்தானே ஏறினேன், சிஞ்ஞோரா மெரெகாள்ளி? கதவு மூடுற நேரத்துல கையை விட்டு, 'நானும் வரேன்'னு நுழைஞ்சது யாரு?"

"உங்க பாவாடைக்காக நான் மூணு மாடி நடக்கணுமா? அய்யோ, என் கிரீம்! கிரீம் போச்சு!"

மிலானில், கால்வாய்க்குப் பின்தெருவில் இருக்கும் அந்த ஐந்து மாடிக் கட்டிடத்தின் லிஃப்ட், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. பழைய மர லிஃப்ட். உள்ளே இரண்டு சிறகுக் கதவுகள். அவற்றில் ஒன்று விரற்கடை திறந்தாலும் நின்றுவிடும். அன்றைக்கு அந்தக் கதவை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருந்தது ஒரு பாவாடை.

பாவாடைக்குள் இருந்தவள் ஜெர்மானா பிரோவானோ. வயது அறுபது, ஐந்தாம் மாடி, தனிக்கட்டை. நகராட்சி அலுவலகத்தின் ஏழாம் எண் கவுண்டரில் முப்பத்தெட்டு வருஷம் அடையாள அட்டை கொடுத்துவிட்டு, மூன்று வாரத்துக்கு முன்னால்தான் ஓய்வு பெற்றவள். அவளுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கிக்கொண்டிருந்தவள் மூன்றாம் மாடி மெரெகாள்ளி. நில அளவையாளரின் விதவை. கட்டிட விதிமுறைகள் முப்பத்திரண்டையும் ஜெபம் மாதிரி மனப்பாடமாகச் சொல்வாள். கையில் ஞாயிற்றுக்கிழமைப் பலகாரத் தட்டு, தங்க நிற ரிப்பன் கட்டிய பன்னிரண்டு கிரீம் பன். இப்போது அது பன்னிரண்டா ஒன்றா என்று சொல்ல முடியாது.

கீழேயிருந்து வாசல் காவலுக்கு இருக்கும் பால்மிராவின் குரல் கேட்டது. "சிஞ்ஞோரா ஜெர்மானா! பாவாடையை மடக்க முடியாதா?"

"உள்ள இரும்பு வளையம் பால்மிரா! இந்தப் பக்கம் அமுக்கினா அந்தப் பக்கம் எழும்புது!"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, லிஃப்டுக்காரன் சாப்பிட்டுட்டுத்தான் வருவானாம்!"

லிஃப்டுக்காரன் சாப்பிட்டு, காப்பியும் குடித்துவிட்டு வந்துசேர ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. அவ்வளவு நேரமும் மெரெகாள்ளி விதி எண் பதினொன்றை மூன்று முறை சொன்னாள். "பருமனான பொருட்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது. மேசை, அலமாரி, தொட்டில், மிதிவண்டி."

"இதுல பாவாடை எங்க இருக்கு?"

"எழுதினவங்களுக்கு இப்படி ஒருத்தி வருவான்னு தெரியல!"

அந்தப் பாவாடை வந்து ஒரு வாரந்தான் ஆகியிருந்தது.

ஜெர்மானாவின் தம்பி மகள் லுதோவிகா, ஃபேஷன் காட்சிகளில் மேடைக்குப் பின்னால் நின்று அழகிகளுக்கு உடை மாட்டிவிடுகிறவள். இந்த வருஷம் மிலான் மேடைகளில் எல்லாம் முந்நூறு வருஷத்துப் பழைய அரண்மனை இடுப்புதான். இரண்டு பக்கமும் முழங்கை வைத்துக்கொள்கிற அளவுக்கு விரிந்த பாவாடைகள். டிவியில் அதைப் பார்த்த ஜெர்மானா போனில் சொன்னாள்: "இப்படி ஒண்ணு போட்டுக்கிட்டு ஒரே ஒரு நாள் தெருவுல நடக்கணும்டீ."

லுதோவிகா அதை மறக்கவில்லை. மேடையில் பதினாலாவதாக வந்த உடையை, மிச்சத் துணியில், ராத்திரி பகலாக அத்தையின் அளவுக்குத் தைத்தாள். மிலான் முடிந்ததும் அடுத்தது பாரிஸ். விடியற்காலையில் டாக்ஸியை வாசலில் நிறுத்தி, பையை பால்மிராவிடம் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினாள்.

"உங்க தம்பி பொண்ணு கொடுத்துட்டுப் போச்சு," என்று பையை மேலே கொண்டுவந்தாள் பால்மிரா. "டாக்ஸிக்குள்ள இன்னும் மூணு பை, ரெண்டு பெட்டி. பாவம், மூச்சு வாங்குது அதுக்கு."

உள்ளே கனமான வெள்ளைப் பருத்தித் துணியில் அது இருந்தது. பீப்பாய்க்குப் பட்டை போட்டதுபோல மூன்று வளையங்கள். இடுப்பில் அகல நாடா. ஓரத்தில் ஒரு சீட்டு: 14 ஏ. ஜெர்மானா அலுவலகத்துக் கருநீலக் கால்சட்டைக்கு மேல் அதைக் கட்டிக்கொண்டு, கருநீலக் கோட்டையும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். கண்ணாடிக்குள் பாவாடை பாதிதான் வந்தது.

"கச்சிதமா இருக்கு," என்று லுதோவிகாவுக்குச் செய்தி அனுப்பினாள். பாரிஸிலிருந்து பதினோரு சிவப்பு இதயங்கள் வந்தன. அதற்குப் பிறகு போன் எடுக்கப்படவில்லை. காட்சி நடக்கிற நாட்களில் லுதோவிகாவின் போன் பெட்டிக்குள்தான் கிடக்கும்.

தெருவில் முதல் நாளே அபிப்பிராயங்கள் கிளம்பிவிட்டன.

"மேடம், இது எந்த நாடகம்?" என்றான் காப்பிக்கடைக்காரன்.

"நாடகமெல்லாம் முடிஞ்சுபோச்சு. ஓய்வு வாங்கிட்டேன். காப்பியைக் கொடுங்க."

டிராமில் இரண்டு பெண்பிள்ளைகள் கேட்காமலே படம் எடுத்தார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி வணங்கினார். காய்கறிச் சந்தையில், "இந்தம்மா வந்தா என் தக்காளியெல்லாம் உருளுது" என்று ஒருத்தன் கத்த, "உருளாம எடுத்து வை" என்று சொல்லிவிட்டு ஜெர்மானா பக்கவாட்டில் திரும்பி நடந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி வழியை மறித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு வெக்கமா இல்லையா? பொம்பளைங்களைக் கூண்டுல அடைச்ச உடுப்பு இது! இதுலேருந்து வெளிய வர எத்தனை பேர் போராடியிருக்காங்க!"

"இதுலேருந்து வெளிய வரணும்னா நாடாவை அவுத்தா போதும், டீச்சர். கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னாலேருந்து வெளிய வரத்தான் எனக்கு முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு."

"அது வேற..."

"உங்க அடையாள அட்டையை நான்தான் கொடுத்தேன். ரெண்டு தடவை. என்னைத் தெரியுதா?"

டீச்சர் உற்றுப் பார்த்தாள். தெரியவில்லை.

"தெரியாது. இந்த ஊரு என்னை இடுப்புக்கு மேலதான் பார்த்திருக்கு, அதுவும் பாதி நேரம் பார்க்கல. இனிமே பார்க்காம போக முடியுதான்னு பார்க்கிறேன்."

ஒரு நாள் நடக்க வேண்டும் என்றவள் ஏழு நாளும் நடந்தாள். எட்டாம் நாள்தான் அந்த கிரீம் பன்.

மறுநாள் காலை லிஃப்டுக்குள் ஓர் அறிவிப்பு: "வளையம் வைத்த உடைகளுக்கு அனுமதி இல்லை." மெரெகாள்ளி தன் கையாலேயே ஆணி அடித்திருந்தாள். ஆணி உள்ளே போன கம்பியைத் தொட்டுவிட்டது. லிஃப்ட் ஒரு நாள் முழுக்க அசையவில்லை. அதையும் பாவாடையின் கணக்கில் சேர்த்தார்கள்.

ஜெர்மானா சண்டைக்குப் போகவில்லை. தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். வளையங்களை இரண்டு பக்கமும் மேலே மடக்கி, பார்சல் கட்டும் கயிற்றால் முடிச்சுப் போட்டாள். லிஃப்டில் அடக்கமாக, குடை மாதிரி இறங்கினாள். தரைத்தளத்தில் கயிறு அறுந்தது. பாவாடை பட்டென்று விரிந்ததில் தபால்காரனின் கடிதங்கள் முற்றம் முழுக்கப் பறந்தன. மெரெகாள்ளிக்கு வந்த எரிவாயுக் கட்டணச் சீட்டு நேராகச் சாக்கடைக்குள் விழுந்தது.

"வேணும்னே பண்றாங்க!" என்றாள் மெரெகாள்ளி.

அடுத்த யோசனை பால்மிராவுடையது. "காலையில பத்து மணி, சாயங்காலம் நாலு மணி. அந்த நேரத்துல லிஃப்ட் உங்களுக்கு மட்டும். எல்லார்கிட்டயும் நான் சொல்லிடறேன்."

எல்லாரிடமும் சொன்னாள். அதுதான் தப்பாகிவிட்டது. பத்து மணிக்கும் நாலு மணிக்கும் பாவாடை இறங்குவதைப் பார்க்க வாசலில் கூட்டம் கூடிற்று. இரண்டாம் நாள், டிராமில் படம் எடுத்த பிள்ளைகள் சிநேகிதிகளோடு வந்தார்கள். மூன்றாம் நாள் உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒருத்தி வந்தாள். "கால்வாய்க்கரை அரசி" என்று படம் போட்டார்கள். கீழே வாசகர் கடிதங்கள்: "கேலிக்கூத்து." "கடைசியில் ஒரு பெண்ணுக்காவது தைரியம் வந்தது." "இவர் ஓய்வூதியத்துக்கு நாங்கள் வரி கட்டுகிறோமா?" "தையல் முறை எங்கே கிடைக்கும்?"

மெரெகாள்ளி அந்தப் பத்திரிகையை வெட்டி, சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு, கட்டிட நிர்வாகி பிரிவியோவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அவர் அலுவலகம் எதிர்த் தெருவில்தான் இருந்தது.

"சரி, யாருக்கும் தொல்லை வேண்டாம்," என்று ஜெர்மானா மூன்றாவது வழியைப் பிடித்தாள். பாவாடையை அவிழ்த்து லிஃப்டுக்குள் நிறுத்தி ஐந்தாம் மாடிக்குப் பொத்தானை அழுத்திவிட்டு, இவள் படியேறுவது. ஆள் உள்ளே இல்லாவிட்டால் அது கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கிறது, கதவில் இடிப்பதில்லை. வளையங்கள் இருப்பதால் தானாகவே நிற்கவும் செய்கிறது. நல்ல யோசனைதான். மூன்றாம் மாடியில் மெரெகாள்ளி பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றது மட்டும் கணக்கில் வரவில்லை.

லிஃப்ட் நின்றது. கதவைத் திறந்தாள். உள்ளே மங்கல் வெளிச்சத்தில், தலையும் இல்லாமல், காலும் இல்லாமல், வெள்ளையாக ஒரு பாதிப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

அலறல் கால்வாய் வரைக்கும் கேட்டதாம்.

"என்னாச்சு, என்னாச்சு?" என்று ஜெர்மானா மூச்சிரைக்க மூன்றாம் மாடிக்கு வந்தாள்.

"தனியா வருது! இப்ப தனியாவே வர ஆரம்பிச்சிடுச்சு!"

"நீங்கதானே என்னை லிஃப்டுல வரக் கூடாதுன்னீங்க? நான் வரலையே!"

"கூட்டம்! உடனே பொதுக்கூட்டம் போடச் சொல்லுங்க! ஒண்ணு அது இந்தக் கட்டிடத்துல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு, மாதாகோயிலின் கூடத்தில் வீட்டு உரிமையாளர்களின் அவசரக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் நான்காவது: "பாவாடை குறித்து." மெரெகாள்ளியின் தீர்மானம் லிஃப்டோடு நிற்கவில்லை. லிஃப்ட், படிக்கட்டு, முற்றம், வாசல் எதிலும் வளையப் பாவாடை கூடாது.

ஜெர்மானா தீர்மானத்தை இரண்டு முறை படித்தாள். "அப்படின்னா நான் எங்க போட்டுக்கிறது?"

"உங்க சமையலறையில," என்றாள் மெரெகாள்ளி.

அந்த ஊரில் ஓட்டுக்கு ஆள் கணக்கு மட்டும் போதாது. கட்டிடம் முழுக்க ஆயிரம் பங்கு. அவரவர் வீட்டின் அளவுக்குத் தகுந்தபடி அவரவர் பங்கு. வர முடியாதவர்கள் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, தங்கள் பங்கை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். அன்று மாலை தொலைக்காட்சியில் கால்பந்து ஆட்டம். மெரெகாள்ளி அதைப் பார்த்துத்தான் தேதி குறிக்கச் சொல்லியிருந்தாள். வீடு வீடாகப் போய் வாங்கிய கடிதங்களையும் தன் பங்கையும் சேர்த்து அவள் கையில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. ஜெர்மானாவிடம் நாற்பத்தொன்று.

"அப்ப எதுக்குக் கூட்டம்?" என்றாள் பால்மிரா. அவளுக்கு ஓட்டு கிடையாது. காப்பி போட வந்திருந்தாள்.

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல," என்றார் பிரிவியோ. "விவாதிச்சுட்டுத்தான் தோக்கடிக்கணும்."

விவாதித்தார்கள். நான்காம் மாடிப் பேராசிரியர் பெலோத்தி எழுந்து, பழைய காலத்தில் இத்தகைய பாவாடைக்காக அரண்மனைக் கதவுகளையே இடித்துக் கட்டினார்கள் என்று கால் மணி நேரம் பேசினார். "அமைப்பை வெளியே காட்டும் இந்த அப்பட்டமான வெள்ளை, என்னைக் கேட்டால், மிகத் துணிச்சலான கலைமுடிவு," என்றும் சொன்னார்.

"பேராசிரியரே, நீங்க ஆதரவா, எதிர்ப்பா?"

"நான் வாடகைக்கு இருக்கிறேன். எனக்கு ஓட்டு இல்லை."

ஜெர்மானாவின் முறை வந்தது. அவள் எழுந்து நின்றாள். பாவாடை தட்டி முன்வரிசை நாற்காலி ஒன்று சாய்ந்தது. அவள் அதை எடுத்து நிறுத்தவில்லை.

"விதி பதினொண்ணு பொருளைப் பத்தி பேசுது. நான் பொருள் இல்ல. நான் உள்ள இருக்கேன். அதனால நான் பயணி. முப்பத்தெட்டு வருஷம் அறுபது சென்டிமீட்டர் ஜன்னலுக்குப் பின்னால உக்காந்திருந்தேன். ஒருத்தர்கூட எழுந்து நில்லுங்கன்னு சொன்னதில்ல. இப்ப எழுந்துட்டேன். நீங்க ஓட்டுப் போட்டு உக்கார வைக்கலாம். ஆனா நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இதைக் கட்டிக்கிட்டுப் படியில இறங்குவேன். போலீஸைக் கூப்பிடுங்க. அவங்க அடையாள அட்டையும் நான் கொடுத்ததுதான்."

பால்மிரா கை தட்டினாள். வேறு யாரும் தட்டவில்லை. மெரெகாள்ளி கைப்பையிலிருந்து கணவரின் இரும்பு அளவு நாடாவை எடுத்தாள்.

"பேச்செல்லாம் வேண்டாம். அளந்துடுவோம். லிஃப்ட் கதவு அறுபத்திரண்டு சென்டிமீட்டர். பாவாடை..." குனிந்து அளந்தாள். "ஒரு மீட்டர் இருபத்தெட்டு! எழுதிக்கோங்க, ராஜியோனியேரே!" என்று பிரிவியோவை அவர் கணக்கர் பட்டத்தால் அழைத்துச் சொன்னாள்.

"அமுக்கினா போகும்," என்றாள் ஜெர்மானா.

"போகாது."

"போகும்."

"போகாதுன்னு நான் காட்டறேன்! கழட்டுங்க. நானே கட்டிக்கிறேன். இந்தக் கூடத்துக் கதவுல ஒரு பக்கம் சரியா அறுபத்திரண்டுதான். எல்லாரும் பார்க்கட்டும்."

ஜெர்மானா நாடாவை அவிழ்த்தாள். பால்மிரா ஓடிவந்து மெரெகாள்ளியின் சாம்பல் நிறப் பாவாடைக்கு மேல் அதைக் கட்டிவிட்டாள். மெரெகாள்ளி ராணுவக்காரி மாதிரி கதவை நோக்கி நடந்தாள். இரண்டு எட்டு வைத்ததும் நடை மாறியது. வளையம் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசைந்தது. வழியிலிருந்தவர்கள் தானாகவே நாற்காலியை இழுத்துக்கொண்டார்கள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்ததால் கதவுக் கண்ணாடி முழுக்க அவள் உருவம் தெரிந்தது.

அவள் நின்றுவிட்டாள்.

"என்ன சிஞ்ஞோரா, மாட்டிக்கிச்சா?" என்றார் பிரிவியோ.

"இருங்க."

"போகலைன்னு எழுதிக்கவா?"

"இருங்கன்னு சொன்னேன்."

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மெரெகாள்ளி பேசினாள். பேசியது யாரிடம் என்று தெரியவில்லை. "என் வீட்டுக்காரர் எல்லாத்தையும் அளந்து வைக்கிறவரு. மேசைக்கும் சுவத்துக்கும் நடுவுல நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர் விட்டாரு. ஒரு ஆளு போக அது போதும்னு சொன்னாரு. நாப்பது வருஷம் நான் அந்த நாப்பத்தஞ்சுல நடந்திருக்கேன்." திரும்பினாள். "இது எவ்வளவுன்னு சொன்னேன்?"

"ஒண்ணு இருபத்தெட்டு," என்றாள் ஜெர்மானா.

"ம்."

பால்மிராவின் காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது.

"ராஜியோனியேரே," என்றாள் மெரெகாள்ளி, "தீர்மானத்தைத் திருத்துறேன். எழுதுங்க."

அந்தத் தீர்மானம் இன்றைக்கும் கட்டிடத்தின் பதிவேட்டில் இருக்கிறது: "மேற்படி பாவாடை, கண்ணியமான பெண்கள் வெளியில் அணியத்தக்க முழுமையான உடை என்று இந்தக் கூட்டம் ஏற்கிறது. லிஃப்ட், படிக்கட்டு, முற்றம், வாசல் அனைத்திலும் அதை அணிந்து நடமாட உரிமை உண்டு." ஆயிரத்தில் எழுநூற்றுத் தொண்ணூறு பங்கு ஆதரவு. எதிர்ப்பு ஒன்றும் இல்லை. மிச்சப் பேர் கால்பந்து பார்த்தார்கள்.

"'முழுமையான'ங்கிறது எதுக்கு?" என்று கேட்டார் பிரிவியோ.

"நாளைக்கு எவளாவது 'இதுல ஏதோ குறையுது'ன்னு வரக் கூடாது. எனக்கு என்னைப் பத்தித் தெரியும்," என்றாள் மெரெகாள்ளி.

கழற்றிக் கொடுக்கத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஜெர்மானாதான் சொன்னாள்: "உங்களுக்கும் ஒண்ணு தைச்சுடலாமே."

மறுநாள் காலை தெருமுனைத் தையல்காரி திருமதி ஹூவின் கடைக்குப் போனார்கள். மெரெகாள்ளி, பால்மிரா, இரண்டாம் மாடி அக்கா தங்கை இருவர், முதல் மாடிப் பல் டாக்டர் அம்மா. ஐந்து பாவாடை, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். திருமதி ஹூ பாவாடையை மேசையில் போட்டு முன்னும் பின்னும் புரட்டினாள். வளையத்தைத் தட்டினாள். நாடாவை இழுத்துப் பார்த்தாள்.

"இதுக்கு மேல என்ன வரும்?"

"மேல ஒண்ணும் வராது. அதான் இந்த வருஷ ஃபேஷன்," என்றாள் மெரெகாள்ளி.

"ஒண்ணுமே வராதா?"

"பத்திரிகையில படம் வந்திருக்கு, பாருங்க! பேராசிரியரே சொல்லிட்டாரு!"

திருமதி ஹூ இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு அளவெடுக்க ஆரம்பித்தாள். எத்தனையோ வருஷமாக மிலானில் கடை வைத்திருக்கிறவள். இந்த ஊரில் ஃபேஷன் என்று சொன்ன பிறகு எதையும் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிறு காலை லிஃப்ட் ஆறு தரம் ஏறி இறங்கியது. ஒரு தரத்துக்கு ஒருத்தி. நேர அட்டவணை போட்டவள் மெரெகாள்ளி. பாவாடையை எப்படி அமுக்கிக்கொண்டு நுழைவது என்று வகுப்பு எடுத்தவளும் அவளே. "இடது கையால வளையத்தைப் பிடி பால்மிரா, மூச்சை உள்ள இழு, கதவை இடிக்காதே!" பதினோரு மணிப் பூசைக்கு ஆறு பேரும் தெருவை அடைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

"ஒதுங்கு, ஒதுங்கு, பாய்மரக் கப்பல் வருது!" என்று யாரோ கத்தினான்.

"பாய்மரம்னு தெரிஞ்சா சரி, வழி விடு!" என்றாள் பல் டாக்டர் அம்மா.

"உங்க வயசுக்கு இதெல்லாம் தேவையா?"

"வயசானதாலதான் தேவை," என்றாள் ஜெர்மானா. "சின்ன வயசுல நாங்க சும்மாவே எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சோம்."

காப்பிக்கடைக்காரன் வெளியே வந்து கை தட்டினான். எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒருவன் சீட்டியடித்தான், இன்னொருத்தி அவனைத் திட்டினாள். மாதாகோயிலில் கல்யாணத்துக்கும் சவப்பெட்டிக்கும் மட்டுமே திறக்கிற பெரிய கதவைச் சாமியாரே வந்து திறந்துவிட்டார். பீடத்துக்கு முன்னால் இரண்டு வரிசை அவர்களுக்கே போதவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தபோது பத்திரிகைக்காரி காத்திருந்தாள். படிக்கட்டில் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தினாள்.

"உங்களைக் கேலி பண்றவங்களுக்கு என்ன சொல்வீங்க?"

மெரெகாள்ளி கைப்பையிலிருந்து தீர்மானத்தின் நகலை எடுத்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சதுக்கம் முழுக்கக் கேட்கும்படி படித்தாள். "...கண்ணியமான பெண்கள் வெளியில் அணியத்தக்க முழுமையான உடை!" கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த டீச்சர்கூட, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டே, இரண்டு தட்டு தட்டினாள். ஜெர்மானா தலையை நிமிர்த்திக்கொண்டாள். முப்பத்தெட்டு வருஷத்தில் எந்தக் கண்ணாடிக்குப் பின்னாலும் அவள் அப்படி நின்றதில்லை.

அப்போதுதான் ஒரு டாக்ஸி வந்து நின்றது. பாரிஸ் ரயிலில் வந்த களைப்போடு லுதோவிகா இறங்கினாள். கையில் ஒரு பெரிய பை. அதன் வாயிலிருந்து கருஞ்சிவப்புப் பட்டு, மடிப்பு மடிப்பாக, முழம் முழமாகச் சரிந்து தொங்கியது. ஓரத்தில் ஒரு சீட்டு ஊசலாடியது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, படிக்கட்டில் நிற்கிற ஆறு பேரையும் இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை பார்த்தாள்.

"அத்தை, 14 பி தவறிப்போய் என்கூடவே பாரிஸுக்கு வந்துடுச்சு, இதுதான் பாவாடை, நீங்க ஆறு பேரும் ஏன் உள்பாவாடையோட கோயில் வாசல்ல நிக்கிறீங்க?"